ஏட்டில் 450, சாலையில் 370: மின்சார ஸ்போர்ட்ஸ் கார்களின் தூரக் கணக்கு

வாகன உலகம்: வாசகர் கேள்வி – பதில்

சிங்கப்பூர் வாசகர்களிடமிருந்து இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியவை. விலை உயர்ந்த மின்சார ஸ்போர்ட்ஸ் காரை வாங்கியவர்களும் வாங்க எண்ணியிருப்பவர்களும், ஒருமுறை முழுமையாக மின்னூட்டினால் கார் ஓடும் என்று விற்பனையாளர் சொன்ன தூரத்துக்கும் தாங்கள் கண்ட தூரத்துக்கும் உள்ள இடைவெளியைக் குறித்து எழுதியிருக்கிறார்கள். சிலருடைய எழுத்தில் ஏமாற்றம் வெளிப்படையாகத் தெரிகிறது. ஆகவே இந்த முறை பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்குகிறேன். மின்கட்டண ரசீதில் வரும் ஒரு கிலோவாட்-மணியையே, அதாவது ஒரு கிலோவாட் திறனில் ஒரு மணி நேரம் செலவாகும் மின்சாரத்தையே, பதில்களில் யூனிட் என்று குறிப்பிட்டிருக்கிறேன்.

கேள்வி: 2020ஆம் ஆண்டின் போர்ஷே டைகான் டர்போ ஒன்றைப் பழைய காராக வாங்கினேன். விளம்பர ஏட்டில் 450 கிலோமீட்டர் என்று இருக்கிறது. அமெரிக்காவில் வசிக்கும் என் தம்பியோ, அதே காருக்கு அங்கே அரசாங்கம் தரும் எண் 201 மைல், அதாவது ஏறத்தாழ 323 கிலோமீட்டர்தான் என்கிறான். எனக்கு 370 அளவில் கிடைக்கிறது. இவற்றுள் எதை நம்புவது?
– வாசகர், புக்கிட் தீமா

மூன்றையும் நம்பலாம். ஒவ்வோர் எண்ணும் காரை வெவ்வேறு விதமாக ஓட்டிப் பார்த்துக் கிடைத்தது. எப்படி ஓட்டினார்கள் என்பதைத்தான் எவரும் எடுத்துச் சொல்வதில்லை.

உங்கள் ஏட்டில் உள்ள 450, ஐரோப்பாவில் 2017 முதல் நடைமுறைக்கு வந்த டபிள்யூஎல்டிபி முறைப்படி கணக்கிடப்பட்டது. அந்தச் சோதனையில் கார் சாலைக்கு வருவதில்லை. ஆய்வுக்கூடத்தில் உருளைகளின்மேல் நிறுத்தி ஓட்டுகிறார்கள். ஒரு சுற்றுக்கு 30 நிமிடம், சுமார் 23 கிலோமீட்டர். அதற்குள் நகர வேகமும் உண்டு, மணிக்கு 131 கிலோமீட்டர் வரை எட்டும் நெடுஞ்சாலை வேகமும் உண்டு என்றாலும், சராசரி வேகம் 46.5 கிலோமீட்டர்தான். அறையின் வெப்பநிலை 23 டிகிரி. குளிர்சாதனம் இயங்காது. பிற்பகல் இரண்டு மணிக்குத் திறந்தவெளியில் நின்ற காருக்குள் ஏறி அமர்ந்த எவரும், இந்தக் கடைசி நிபந்தனையைப் படித்தவுடனேயே அந்த எண்ணிலிருந்து கொஞ்சம் கழித்துக்கொள்வார்கள்.

அமெரிக்காவில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பான இபிஏவின் முறை வேறு. அங்கும் உருளைகளின்மேல்தான் ஓட்டுகிறார்கள். நகரச் சுற்றையும் நெடுஞ்சாலைச் சுற்றையும் மின்கலம் தீரும்வரை திரும்பத் திரும்ப ஓட்டி, கிடைத்த தூரத்தை 0.7ஆல் பெருக்குகிறார்கள். குளிர்சாதனம், குளிர்காலம், விரட்டி ஓட்டும் வழக்கம் ஆகியவற்றுக்காக 30 விழுக்காட்டைக் கழித்துவிடும் ஏற்பாடு இது. கூடுதலாக வேறு சில சோதனைகளையும் நடத்திக்காட்டும் நிறுவனம் இந்தக் கழிவைச் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம் என்பதும் விதியிலேயே உள்ளது. இதனால் இபிஏ எண்களைக்கூட ஒரு நிறுவனத்தோடு இன்னொரு நிறுவனத்தை நேராக ஒப்பிடும்போது கவனம் தேவைப்படுகிறது. கார்களைச் சோதித்து மதிப்பிடும் எட்மண்ட்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் டைகான் 4எஸ் காரைச் சாலையில் ஓட்டிப் பார்த்தபோது, 203 மைல் என்று இபிஏ சொன்ன கார் 323 மைல் ஓடியது. அதே நிறுவனத்தின் அன்றைய சோதனைகளில் டெஸ்லா கார்கள் தங்கள் இபிஏ எண்ணை எட்டவில்லை. பின்னர் 2024 தொடக்கத்தில் டெஸ்லாவே மாடல் எஸ் பிளாய்டின் தூரத்தை 396 மைலிலிருந்து 359 மைலாகக் குறைத்து அறிவித்தது.

இனி உங்கள் ஏட்டுக்கு வருவோம். அதை மறுபடியும் எடுத்துப் பாருங்கள். டர்போவுக்கு போர்ஷே அன்று அறிவித்தது 381 முதல் 450 வரை என்ற வீச்சு. டபிள்யூஎல்டிபி முறையில் சக்கரத்தின் அளவு, கூடுதல் வசதிகளால் ஏறும் எடை போன்றவற்றுக்கு ஏற்ப ஒரே மாடலுக்குள்ளேயே எண் மாறும். மிகச் சிக்கனமான அமைப்பில் உள்ள கார்தான் 450ஐத் தொடும். பெரிய சக்கரங்களும் விருப்ப வசதிகளும் நிறைந்த கார் 381ஐ ஒட்டியே நிற்கும். குளிர்சாதனம் நாள் முழுவதும் ஓடும் ஊரில் உங்களுக்கு 370 கிடைக்கிறது என்றால், கார் நல்ல நிலையில் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன்.

என் மனக்குறை வேறிடத்தில் உள்ளது. பல லட்சம் வெள்ளி விலையுள்ள காரைக் காட்சிக்கூடத்தில் நிறுத்தி, அதன் அருகே '450 கி.மீ. வரை' என்று ஒற்றை எண்ணை எழுதி வைப்பது வாங்குபவருக்குச் செய்யும் நியாயமாகாது. எந்த முறையில் அளந்தது, வீச்சின் கீழ் எல்லை என்ன, அங்கே நிற்கும் அந்தக் காரின் சக்கரத்துக்கு உரிய எண் என்ன என்ற மூன்றையும் சேர்த்து எழுத இரண்டு வரி போதும். வாங்கப் போகிறவர்கள் இம்மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: என் கணவர் சிக்னலில் பச்சை விழுந்ததும் காரைச் சீறவிடுகிறார். இப்படி ஓட்டுவதால்தான் தூரம் குறைகிறது என்கிறேன் நான். அவர் ஏற்க மறுக்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகி, செங்காங்

உங்கள் கவலையில் நியாயம் உண்டு. ஆனால் தூரக் கணக்கில் அவர் பக்கமும் ஓரளவு உண்மை இருக்கிறது. சுமார் 2.3 டன் எடையுள்ள காரை நின்ற நிலையிலிருந்து மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவர, சக்கரங்களில் தேவைப்படும் ஆற்றல் ஏறத்தாழ 0.2 யூனிட். அந்த வேகத்தை நான்கு விநாடியில் எட்டினாலும் பதினைந்து விநாடியில் எட்டினாலும் இந்த அளவு மாறாது. விரைந்து எட்டும்போது மின்கலத்திலும் மோட்டாரிலும் வெப்பமாகும் இழப்பு கூடுகிறது. பிறகு பிரேக்கை மென்மையாக அழுத்தினால், மோட்டாரே மின்னாக்கியாக மாறி, செலவழித்ததில் கணிசமான பகுதியை மின்கலத்துக்குத் திருப்பி அனுப்பும். டைகானின் முதல் மாடலிலேயே இவ்வாறு 265 கிலோவாட் வரை மீட்க முடிந்தது. 2024இல் வந்த புதிய மாடலில் அது 400 கிலோவாட். பெட்ரோல் ஸ்போர்ட்ஸ் காரில் பிரேக்கில் எரிந்து வீணாகும் ஆற்றல் இங்கே பெரும்பாலும் தப்பிவிடுகிறது. எனவே சாலைப் பாதுகாப்புக்காகவும் டயரின் ஆயுளுக்காகவும் அவரைத் தடுத்து நிறுத்துங்கள். அந்த இரண்டு காரணங்களும் போதுமானவை.

தூரத்தைத் தின்பது வேறொன்று: காரின் சக்கரம். மாடல் எஸ் பிளாய்டில் 19 அங்குலச் சக்கரத்துக்கு 396 மைல் என்று இபிஏ எண் இருந்த அதே காலத்தில், 21 அங்குலச் சக்கரம் போட்ட அதே காருக்கு 348 மைல்தான். மின்கலமும் மோட்டாரும் ஒன்றே. தோற்றத்துக்காக மாற்றிய சக்கரம் மட்டும் 12 விழுக்காட்டைக் கொண்டுபோய்விட்டது. பெரிய சக்கரம் எடை கூடியது. அதற்குப் போடும் அகலமான டயர் சாலையை இறுகப் பற்றிக்கொள்ளும் மென்மையான ரப்பரால் ஆனது. சக்கரத்தின் ஆரங்களுக்கிடையே காற்று சுழன்று இழுக்கிறது. வளைவில் கார் நிலைத்து நிற்க அந்தப் பிடிமானம் தேவை என்பது உண்மைதான், ஆனால் அதற்கான விலையை நேர்ச்சாலையிலும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் செலுத்துகிறோம். புதிய கார் பதிவு செய்பவர்கள் சிறிய சக்கரத்தைக் கேளுங்கள். ஏற்கெனவே பெரியதைப் போட்டவர்கள் மாதம் ஒருமுறையாவது டயர் காற்றழுத்தத்தைப் பாருங்கள்.

கேள்வி: குளிர்காலத்தில் மின்சாரக் கார்களின் தூரம் குறையும் என்று படித்திருக்கிறேன். நமக்குக் குளிர்காலமே கிடையாது. அப்படியிருந்தும், மாலை நெரிசலில் வீடு திரும்பும் நாள்களில் மட்டும் என் காரின் செலவு ஏன் கூடுகிறது?
– வாசகர், ஈசூன்

உறைபனி நாடுகளில் இழப்பு மிகப் பெரியது. குளிரில் தூரம் எவ்வளவு குறையும் என்பதை வாங்குபவர்களிடம் முறையாகச் சொல்லவில்லை என்று 2023 தொடக்கத்தில் தென்கொரிய வணிகப் போட்டி ஆணையம் டெஸ்லாவுக்கு அபராதமே விதித்தது. அந்தத் தொல்லை நமக்கு இல்லை. நமக்குள்ள செலவு குளிர்சாதனம், அது ஓடும் தூரத்துக்கு ஏற்பக் கூடுவதில்லை, ஓடும் நேரத்துக்கு ஏற்பக் கூடுகிறது.

நண்பர் ஒருவரின் காரில், வெயிலில் நின்றிருந்த வண்டியை இயக்கியவுடன் ஆற்றல் செலவு காட்டும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சக்கரம் ஒரு சுற்றுகூட உருளவில்லை. குளிர்சாதனத்தின் பட்டை மட்டும் மேலே ஏறி நின்றது. இருக்கைகளின் சூடு தணிந்து காற்று சில்லென்று வரத் தொடங்கிய பிறகுதான் பட்டை மெல்ல இறங்கியது. அப்படி இறங்கிய பிறகும், நம் வெயிலில் சராசரியாக ஒன்றரை கிலோவாட் போகிறது என்று வைத்துக்கொள்வோம். தடையின்றி 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது இது 100 கிலோமீட்டருக்கு 1.7 யூனிட்தான். மத்திய விரைவுச்சாலையில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தால் அதே ஒன்றரை கிலோவாட், 100 கிலோமீட்டருக்கு 7.5 யூனிட்டாகிவிடும். 20 யூனிட் எடுக்கும் கார் அதனால்தான் நெரிசலில் 25, 26 என்று காட்டுகிறது.

கார் மின்னூட்டியில் இணைந்திருக்கும்போதே, புறப்படுவதற்குப் பத்து நிமிடம் முன்பு செயலி வழியாகக் குளிர்சாதனத்தை இயக்கிவிடுங்கள். முதல் சூட்டைத் தணிக்கும் பெரிய செலவு மின்கலத்திலிருந்து போகாது.

கேள்வி: தீபாவளிக்குக் குடும்பத்தோடு கோலாலம்பூர் சென்று, அங்கிருந்து கெந்திங் மலைக்கும் போக எண்ணியிருக்கிறோம். என்னுடையது 2021ஆம் ஆண்டின் ஆடி இ-டிரான் ஜிடி. ஏட்டின்படி 480 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். கோலாலம்பூர் 350 கிலோமீட்டர்தானே, வழியில் நிறுத்தாமல் போய்விடலாம் அல்லவா?
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

நிறுத்தாமல் போகத் திட்டமிடாதீர்கள். போய்ச் சேர்ந்தாலும் கடைசி ஒரு மணி நேரம் குடும்பமே திரையைப் பார்த்துக்கொண்டு வரும்படி ஆகும்.

உங்கள் காரின் மின்கலம் 93.4 யூனிட் என்றாலும், பயன்படுத்தக்கூடியது 83.7தான். மீதி, மின்கலத்தின் ஆயுளைக் காக்க ஒதுக்கப்பட்டது. அவசரத்துக்குப் பத்து விழுக்காட்டை வைத்துக்கொண்டால் கையில் இருப்பது சுமார் 75. சிங்கப்பூருக்குள் விரைவுச்சாலைகளின் உச்சவேக வரம்பு 90 கிலோமீட்டர். மலேசியாவின் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் அது 110. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், 90லிருந்து 110க்குப் போகும்போது காற்றை விலக்கச் செலவாகும் ஆற்றல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ பாதி மடங்கு உயர்கிறது. நான்கு பேர், பெட்டிகள், பலகாரத் தூக்குகள் எல்லாம் சேர்ந்து, 110இல் 100 கிலோமீட்டருக்கு 22 யூனிட் எடுத்தால், 75 யூனிட் 340 கிலோமீட்டருக்குத்தான் வரும். 90இலேயே சென்று 18 யூனிட்டில் கட்டுப்படுத்தினால் 415ஐத் தாண்டும். உங்கள் 350 இந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருக்கிறது. வழியில் பெருமழை பிடித்தால், தேங்கிய நீரைத் தள்ளிக்கொண்டு ஓடுவதற்கும் ஆற்றல் போகும்.

இதே கார் இங்கே உங்களுக்கு நாள்கணக்கில் கவலையின்றி ஓடியதற்குக் காரணம், நம் சாலைகளின் வேகம் ஆய்வுக்கூடத்தின் சராசரியை ஒட்டியிருப்பதுதான். உட்லண்ட்ஸ் பாலத்தைத் தாண்டி ஒரே சீரான உயர்வேகத்தில் மணிக்கணக்கில் ஓட்டத் தொடங்கும்போதுதான், ஸ்போர்ட்ஸ் காரின் அகலமான டயரும் எடையும் கணக்கில் முழுமையாக வந்து நிற்கின்றன. திரையில் காட்டும் எஞ்சிய தூரமும் அண்மையில் நீங்கள் ஓட்டிய விதத்தை வைத்துக் கணிக்கப்படுவது. ஒரு வாரம் ஜூரோங்கிலிருந்து நகரத்துக்குப் போய்வந்த காரில் அது காட்டும் எண்ணை வைத்து நெடும்பயணத்தை முடிவு செய்யக்கூடாது. ஜொகூரைக் கடந்து ஐம்பது கிலோமீட்டர் ஓடிய பிறகு அது காட்டுவதை நம்பலாம்.

பலரும் அஞ்சுவது சோதனைச்சாவடி வரிசையை. அங்கே இரண்டு மணி நேரம் நின்றாலும், குளிர்சாதனத்துக்கு மூன்று முதல் நான்கு யூனிட்தான் போகும்; தூரத்தில் 15, 20 கிலோமீட்டர். குழந்தைகளை வியர்க்கவிட்டு அதை மிச்சப்படுத்த வேண்டியதில்லை.

நடுவழியில், தங்காக் அல்லது மலாக்காவை ஒட்டிய ஆயர் குரோ பகுதியில் ஒருமுறை மின்னூட்டத் திட்டமிடுங்கள். உங்கள் கார் 800 வோல்ட் அமைப்பு உடையது. 270 கிலோவாட் வரை தரும் மின்னூட்டி கிடைத்தால், 5 விழுக்காட்டிலிருந்து 80க்கு இருபத்துச் சொச்சம் நிமிடங்களில் ஏறிவிடும். 50 கிலோவாட் மின்னூட்டி மட்டுமே காலியாக இருந்தால், 10லிருந்து 80க்கு வேண்டிய 59 யூனிட் ஏற எழுபது நிமிடத்துக்கு மேலாகும். எனவே செயலியில் மின்னூட்டி இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், அதன் திறனையும் பாருங்கள். பெருநாள் காலத்தில் அங்கும் வரிசை இருக்கும். 30 விழுக்காடு இருக்கும்போதே போய்ச் சேருங்கள். முதலாவதில் இடமில்லை என்றால் அடுத்ததற்குப் போக அது உதவும்.

கெந்திங் தனிக் கணக்கு. கோலாலம்பூரிலிருந்து உச்சி வரை ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரம் ஏற வேண்டும். ஆட்களோடும் பெட்டிகளோடும் 2.7 டன் எடையை அவ்வளவு உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டும் 12, 13 யூனிட் தேவை. தூரத்துக்குரிய செலவு அதற்கு மேல். ஏறும்போது திரையில் எண்கள் சரியும் வேகத்தைப் பார்த்துப் பதற வேண்டாம். இறங்கும்போது அதில் நல்ல பகுதி திரும்பி வரும். மலைமேல் விடுதியில் மின்னூட்டி இருந்தாலும் 100 விழுக்காடு வரை ஏற்றாதீர்கள். நிறைந்த மின்கலத்தால் இறக்கத்தில் வரும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ள முடியாது. முழு எடையையும் சாதாரண பிரேக்கே தாங்க வேண்டியிருக்கும், நீண்ட இறக்கத்தில் அது நல்லதல்ல. 80இல் நிறுத்துங்கள்.

கேள்வி: ஏட்டில் மின்கலம் 84 யூனிட், செலவு 100 கிலோமீட்டருக்கு 22 யூனிட் என்று இருக்கிறது. வகுத்தால் 382 வருகிறது. அதே ஏட்டில் தூரம் 430 என்கிறார்கள். கணக்கு உதைக்கிறதே?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தெம்பனீஸ்

உங்கள் வகுத்தலில் பிழையில்லை. டபிள்யூஎல்டிபி முறையில் செலவு என்று எழுதுவது, சுவரிலிருந்து எடுத்த மின்சாரம். மின்னூட்டும்போது வெப்பமாகப் போகும் இழப்பும் அதில் அடங்கும். தூரமோ மின்கலத்தில் ஏறிய பிறகு உள்ள ஆற்றலைப் பொறுத்தது. ஆகவே ஒன்றை வைத்து மற்றொன்றைக் கணக்கிட முடியாது. காரின் திரை காட்டும் செலவைவிட மின்னூட்டு நிறுவனத்தின் ரசீதில் யூனிட் கூடுதலாக இருப்பதும் இதே காரணத்தால்தான். மாதச் செலவைக் கணிக்க ஏட்டின் 22ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பயணத்தைத் திட்டமிடத் திரையின் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐந்து ஆண்டு ஓடிய மின்சார ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று விலைக்கு வருகிறது. வாகன உரிமைச் சான்றிதழில் இன்னும் ஐந்து ஆண்டு இருக்கிறது. மின்கலம் தேய்ந்து தூரம் மேலும் குறைந்துவிடுமோ என்று தயங்குகிறேன்.
– வாசகி, பொங்கோல்

ஓரளவு குறைந்தே இருக்கும். பல நிறுவனங்கள் மின்கலத்துக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர், இவற்றுள் எது முந்துகிறதோ அதுவரை, கொள்ளளவு 70 விழுக்காட்டுக்குக் கீழ் போகாது என்று உத்தரவாதம் தருகின்றன. சிங்கப்பூரில் கார் வைத்திருக்க உரிமை தரும் நம் சான்றிதழுக்கு 10 ஆண்டு. நீங்கள் பார்த்திருக்கும் காரில் உத்தரவாதம் மூன்று ஆண்டில் முடிந்துவிடும், கடைசி இரண்டு ஆண்டு உங்கள் பொறுப்பு. அந்த இரண்டு ஆண்டை விலை பேசும்போதே கணக்கில் சேருங்கள்.

மின்கலத்தை வாட்டுவது வெப்பமும், முழுமையாக நிரப்பிய நிலையில் நாள்கணக்கில் நிறுத்தி வைப்பதும். முந்தைய உரிமையாளர் காரை எங்கே நிறுத்தினார், தினமும் 100 வரை ஏற்றினாரா அல்லது 80, 85இல் நிறுத்தினாரா, வேகமான மின்னூட்டியையே நம்பியிருந்தாரா, இரவில் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் மெதுவாக ஏற்றினாரா என்று கேளுங்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தின் நிழலில் நின்று மெதுவாக மின்னூட்டிய கார், திறந்தவெளியில் வெயில் காய்ந்த காரைவிட எனக்கு விருப்பமானது.

முகவரின் பட்டறையில் மின்கல நிலை அறிக்கை ஒன்றை எடுத்துத் தரச் சொல்லுங்கள். விற்பவர் மறுத்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள். அறிக்கை கிடைத்த பிறகு, ஒரு நாள் காரை இரவலாக வாங்கித் தீவு விரைவுச்சாலையில் சாங்கியிலிருந்து துவாஸ் வரை குளிர்சாதனத்தோடு போய்வாருங்கள். புறப்படும்போதும் திரும்பியபோதும் மின்கலத்தின் விழுக்காட்டைக் குறித்துக்கொண்டு, ஓடிய தூரத்தை அந்த வேறுபாட்டால் வகுத்து நூறால் பெருக்கினால், அந்தக் கார் இன்று, இந்த ஊரில், அதே சக்கரங்களோடு எவ்வளவு ஓடும் என்பது கிடைத்துவிடும். விலையை அந்த எண்ணை வைத்துப் பேசுங்கள்.